பதினோராம் கட்டம்

அத்தியாயம் ஒன்பது

மருமகள் பெயருக்கு வந்த கவரைச் சேஷகிரி ஐயர் பிரித்துப் படித்துவிட்டு, “இதுக்கு நான் பதில் எழுதறேன்” என்று சொன்னது போன வியாழக்கிழமை. இன்று புதன். இடைப்பட்ட நாட்களில் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் வீட்டில் காப்பிக்குக் குறைவில்லை, பூஜைக்குக் குறைவில்லை. பேச்சுக்குத்தான் குறைவு.

கவரில் இருந்தது நாலே வரி. பெண்கள் ஹைஸ்கூலில் காலியாக இருக்கும் உபாத்தியாயினி வேலையை ஸ்ரீமதி பாமா ஸ்ரீகண்டன், பி.ஏ., அவர்களுக்குத் தருவதாகக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. சம்மதத்தைப் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கவும்.

அவள் மனுப் போட்டதே அவருக்குத் தெரியாது.

சேஷகிரி ஐயர் மைசூர் சமஸ்தானத்தில் முப்பத்திரண்டு வருஷம் சேவகம் செய்து, ஒரு தாலூக்காவையே நிர்வகிக்கும் அமல்தாராக ஓய்வு பெற்றவர். அந்த வீட்டு மருமகள் தினம் காலையில் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினால் மல்லேஸ்வரம் என்ன சொல்லும்? பிள்ளைக்குக் கையாலாகவில்லை என்று சொல்லும். ஊர் வாயில் பிள்ளை விழக் கூடாது. ஸ்ரீகண்டன் விஷயத்தில் ஊரின் கண் இந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பதே நல்லது. அதற்குக் காரணம் உண்டு.

ஸ்ரீகண்டன் பி.ஏ. இல்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில், அவன் மார்ச்சில் பரீட்சை எழுதினான். சித்திரையில் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிற்று. தன் பிள்ளை தேறாமல் போவான் என்று ஐயருக்குத் தோன்றவே இல்லை. ‘சிரஞ்சீவி ஸ்ரீகண்டன், பி.ஏ.’ என்று சேர்த்தே அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார். முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது முடிவு வந்தது. எண்ணைக் காணோம்.

சம்பந்தி நாணு ஐயர் மைசூரில் உபாத்தியாயர். பாமா இண்டர்மீடியட் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள், வகுப்பில் முதல். பி.ஏ. மாப்பிள்ளை கிடைத்ததும் காலேஜை நிறுத்திவிட்டார். பெண் மேலே மேலே படித்துக்கொண்டே போனால் அவளுக்கு மேல் படித்தவனை எங்கே தேடுவது என்பது அவர் நியாயம். அப்படிப்பட்ட மனிதரிடம் முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன் போய் என்ன சொல்வது? சேஷகிரி ஐயர் பிள்ளையைக் கூப்பிட்டார். செப்டம்பரில் எழுதித் தேறிவிடு, அதுவரை வாயைத் திறக்காதே என்றார். அவன் செப்டம்பரில் எழுதினான். மறு வருஷமும் எழுதினான். எண் வரவே இல்லை.

அட்டாரா கச்சேரி என்னும் சர்க்கார் காரியாலயத்தில் இரண்டாம் டிவிஷன் குமாஸ்தாவாகவே அவன் நின்றுவிட்டதை யாராவது கேட்டால், மேலே இருப்பவர்களுக்கு இவனைப் பிடிக்கவில்லை என்பார் ஐயர். பாமா வீட்டிலிருந்தே படித்து இண்டர்மீடியட் தேறி, இந்த வருஷம் பி.ஏ.யும் தேறியபோது, பி.ஏ. படித்த பிள்ளை பெண்டாட்டியையும் பி.ஏ. ஆக்கினான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். ஒன்று சொன்னால் அதைத் தாங்க இன்னொன்று வேண்டியிருந்தது.

பதிலைக் காலையில் எழுதி முடித்தார். அவருடைய ஆங்கிலக் கடிதத்துக்குத் தாலூக்கா கச்சேரிகளில் ஒரு பெயர் உண்டு. குடும்ப சௌகரியத்தை உத்தேசித்து இந்த வேலையை ஏற்பதற்கில்லை, வந்தனம். மடித்துக் கவரில் போட்டு, கமிட்டியின் கவரோடு சேர்த்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். கமிட்டித் தலைவர் கஸ்தூரிரங்கன் பழைய சிநேகிதர். தபாலில் போடுவதைவிடக் கையில் கொடுப்பதே மரியாதை.

சரிகைத் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு கூடத்துக்கு வந்தவர் சமையலறை வாசலைப் பார்த்தார். தினமும் பார்க்கும் காட்சிதான். ஸ்ரீகண்டன் நிலைப்படியில் உட்கார்ந்து, மடியில் பேப்பரை விரித்துக்கொண்டு, இரைந்து வாசித்துக்கொண்டிருந்தான். வாய் வாசிக்க, கை ஊறவைத்த அவரைக் கொட்டைகளைப் பிதுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே பாமா அடுப்பைக் கவனித்தபடியே அவன் உச்சரிப்பு ஒன்றைத் திருத்தினாள். அவன் மறுபடி அந்த இடத்தை வாசித்தான். அவள் இத்தனை வருஷம் படித்ததும் இப்படித்தான். அவன் வாசிப்பான், அவள் வேலை செய்துகொண்டே கேட்பாள்.

கச்சேரிக்குப் போகும் ஆண்பிள்ளை அவரைக் கொட்டை பிதுக்குவது ஐயருக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. “ஒன்பதரை ஆகப் போறது” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார்.

“எங்கேப்பா?” என்றான் ஸ்ரீகண்டன்.

“கஸ்தூரிரங்கனைப் பார்க்க.”

உள்ளே கரண்டிச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

கஸ்தூரிரங்கன் வீடு மார்கோசா ரோடில். சர்வே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர்; நெற்றியில் திருமண் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. “பன்னி, பன்னி” என்று கன்னடத்தில் ‘வாங்கோ’ சொல்லி எழுந்து வரவேற்று, உட்கார்ந்ததும் தமிழுக்கு வந்தார். தானே ஆள் அனுப்புவதாக இருந்ததாகச் சொல்லி, சிவப்பு நாடா கட்டிய பைலை மேஜை மேல் இழுத்தார். பாமாவின் மனு அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். அவர்கள் அங்கீகரித்துவிட்டால் வேலை நிச்சயம்.

சேஷகிரி ஐயரின் கை உள்பைக்குப் போயிற்று.

“அதுக்கு முன்னாலே ஒரு சின்னத் தப்பு இருக்கு, பாரும்” என்றார் கஸ்தூரிரங்கன். பைலைத் திருப்பி வைத்து விரலால் காட்டினார். அச்சடித்த பாரம். பதினோராம் கட்டம்: மணமான ஸ்திரீயானால் புருஷனின் பெயர், படிப்பு, உத்தியோகம்.

“இண்டர்மீடியட்னு எழுதியிருக்கு. பி.ஏ. தேறலைன்னு வேற. உம்ம பிள்ளை பி.ஏ. ஆச்சே. கல்யாணப் பத்திரிகையை இந்தக் கையால வாங்கிப் படிச்சவன் நான். அவசரத்துல யாரோ மாத்தி எழுதிட்டா.”

ஐயர் உள்பையை விட்டுக் கண்ணாடிக் கூட்டைத் தேடினார்.

“நானே திருத்திடறேன். எங்க கமிட்டியில ஒரு வக்கீல் இருக்கார், நாக்கு கொஞ்சம் நீளம். ஆம்படையாள் பி.ஏ., ஆம்படையான் பெயில்னா சங்கராந்தி வரைக்கும் அதையே மென்னுண்டிருப்பார்.”

பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார்.

சரி என்று சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. சும்மா இருந்தால் போதும். ஒன்பது வருஷமாக வாயால் காப்பாற்றி வந்தது சர்க்கார் பைலிலேயே ஏறிவிடும். அதற்கு மேல் யார் கேட்கப் போகிறார்கள்?

ஐயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாரத்தைப் பார்த்தார். எழுத்து பாமாவுடையது இல்லை. அவள் எழுத்து வலப் பக்கம் சாயும், ஓடும். இது நிமிர்ந்து, ஒவ்வொன்றும் உருண்டையாக, அவசரமில்லாமல் நின்றது. கையெழுத்துப் பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, ஏழு வயதில் தினம் இரண்டு பக்கம் அவரே எழுத வைத்த பிள்ளையின் கை. ‘பி.ஏ. பரீட்சை மூன்று முறை எழுதித் தேறவில்லை.’ ஒரு எழுத்தும் நடுங்கவில்லை. அடித்தல் திருத்தல் இல்லை. அதற்குக் கீழே பன்னிரண்டாம் கட்டம், புருஷனின் சம்மதம். அதிலும் அதே கையெழுத்து.

யாருடைய பெயரைக் காப்பாற்ற அவர் இத்தனை வருஷம் ஊரோடு மல்லுக்கட்டினாரோ, அவனே தன் பெயருக்கு எதிரே இதை எழுதியிருந்தான்.

சேவகத்தில் இருந்த காலத்தில், ஒரு குண்டே அளவு துண்டு நிலத்தை மாற்றி எழுதச் சொன்ன பெரிய மனிதரை வாசலோடு அனுப்பியவர் சேஷகிரி ஐயர். அவர் கண் எதிரில் பதிவேட்டில் ஒரு பொய் ஏறியதில்லை. பேனா முனை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது.

“திருத்த வேண்டாம்” என்றார்.

“ஏன்?”

“எழுதினது சரி.”

கஸ்தூரிரங்கன் நிமிர்ந்தார். ஒரு சொட்டு மை ஒற்றுத்தாளில் விழுந்து பரவியது. பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

“அப்போ பத்திரிகை?”

“பத்திரிகைதான் தப்பு. முடிவு வரதுக்கு முன்னாலே அச்சடிச்சேன். வந்தப்புறம் திருத்தலை. பிள்ளை பேரில் தோஷமில்லை. என் பேரில்.”

கஸ்தூரிரங்கன் உள்ளே பார்த்துக் காப்பிக்குக் குரல் கொடுத்தார். காப்பி வந்தது. டம்ளரை நகர்த்தி வைத்தபடி, “நான் சர்வேயில இருந்தப்போ எல்லைக் கல்லையே ராவோட ராவா மாத்தி நட்டவாளைப் பார்த்திருக்கேன் ஓய். நீர் ரெண்டெழுத்துதானே நட்டீர்” என்றார்.

ஐயர் சிரிக்கவில்லை. ஆனால் காப்பியைக் குடித்தார்.

“உள்பையில என்னமோ கவர் எட்டிப் பார்க்கறதே. பதிலா?”

“வேற காகிதம்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

சம்பிகே ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. மனைவி ஜெயலக்ஷ்மி கூடத்தில் பேத்தியின் பாவாடைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தாள். தலைப்பாகையைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தார். முப்பத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அதுவே போதும். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

ஸ்ரீகண்டன் தேறாதது பாமாவுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்.

“கல்யாணமாகிப் பத்தாம் நாளே சொல்லிட்டான். அவ என்கிட்ட வந்து அழுதா. காலேஜை நிறுத்தினது இதுக்கான்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்றது?”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நாலு பேருக்குத் தெரியக் கூடாதுன்னேள். ஆத்துல இருக்கற பெரியவாளே நாலு பேர்தான். அப்புறம் யாருக்கு மறைக்கறதுன்னு விட்டுட்டேன்.”

பாமா எப்படிப் படிக்க ஆரம்பித்தாள் என்பதையும் அவளே சொன்னாள். மூன்றாம் தடவை அவன் பரீட்சைக்குப் படித்தபோது, வாசித்துக் காட்டினால் மனதில் நிற்கும் என்று பாமாதான் வாசித்தாள். அவனுக்கு நிற்கவில்லை, அவளுக்கு நின்றது. முடிவு வந்த அன்று அவன் புத்தகங்களை விற்கப் போகவில்லை. முதல் பக்கத்தில் தன் பெயருக்குக் கீழே அவள் பெயரை எழுதி அவளிடம் கொடுத்தான். அன்று முதல் அவன் வாசிக்க, அவள் கேட்கலானாள்.

அந்தப் புத்தகங்கள் கூடத்து அலமாரியில்தான் இருந்தன. ஐயர் ஒரு நாளும் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை.

தபால்காரன் வாசலில் கூப்பிட்டான். ஒரு கார்டு. மைசூர் முத்திரை, விலாசத்தில் பாமாவின் பெயர். போன வாரம் அவள் பெயருக்கு வந்ததை அவர்தான் பிரித்தார். கார்டுக்குப் பிரிக்கவே வேண்டியதில்லை, பார்த்தாலே படித்துவிடலாம். அவர் அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, “பாமா, உனக்குத் தபால்” என்றார்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நின்றபடியே படித்தாள். பிறகு கார்டை அவரிடம் நீட்டினாள்.

நாணு ஐயர் சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறார். பெண் பி.ஏ. தேறியதைக் கண்ணாரக் காண வேண்டும். சிட்டியில் ஒரு போட்டோக்காரருக்கு எழுதி ஏற்பாடு செய்தாகிவிட்டது. தம்பதி இருவரும் பட்டதாரி கவுன் போட்டு, ஆளுக்கொரு பட்டப் பத்திரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்து உட்கார வேண்டும். மைசூரில் தன் பள்ளிக்கூடத்து அறையில் மாட்டப் போகிறார். மாப்பிள்ளையின் பட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லவும்.

ஐயர் அதை இரண்டு தரம் படித்தார்.

“உங்கப்பாவுக்குத் தெரியாதா?”

“தெரியாது. நான் சொல்லலை.”

“ஏன்?”

பாமா யோசித்துத்தான் பதில் சொன்னாள். “சொன்னா அவர் உங்களைக் கோவிச்சுக்கறதோட நிறுத்திக்க மாட்டார்ப்பா. என் படிப்பை நிறுத்தினது அவர்தானே. தன்னையே வெறுத்துப்பார். எனக்குத்தான் படிப்பு திரும்பக் கிடைச்சுடுத்தே, அவரை எதுக்கு நோக அடிக்கணும்னு இருந்துட்டேன்.”

அமல்தார் கோபத்தைப் பார்த்திருக்கிறார், அழுகையைப் பார்த்திருக்கிறார். தாலூக்கா கச்சேரி வாசலில் இரண்டும் தினப்படி. இந்த மாதிரிப் பொறுமை அங்கே வந்ததில்லை. உள்பையில் கை விட்டார். அதில் இரண்டு கவர்கள் இருந்தன. தான் எழுதியதை விட்டுவிட்டு, கமிட்டியிடமிருந்து வந்ததை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

“இது உன் பேருக்கு வந்தது. நான் பிரிச்சிருக்கக் கூடாது. பதிலை நீயே எழுது.”

“உங்க சம்மதம்?”

“பன்னிரண்டாம் கட்டத்துல புருஷன் சம்மதம்தான் கேட்டிருக்கு. அவன் போட்டுட்டான். மாமனாரைப் பத்தி அந்தப் பாரத்துல ஒரு வார்த்தை இல்லை.”

பாமா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கவா, வேறெதையாவது மறைக்கவா என்று அவர் பார்க்க விரும்பவில்லை. எழுந்து தலைப்பாகையைக் கழற்றப் போனார். குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருவது இனி தன் பொறுப்பு என்று ஜெயலக்ஷ்மி மருமகளிடம் சொல்வது காதில் விழுந்தது. எப்போதோ தீர்மானித்துவைத்த குரலாக இருந்தது அது.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஸ்ரீகண்டனின் சைக்கிள் வாசலில் நின்றது. அவன் கால் கழுவி வரும்வரை ஐயர் காத்திருந்தார்.

“பதினோராம் கட்டத்தை ஏன் அப்படி எழுதினே?”

ஸ்ரீகண்டன் திடுக்கிடவில்லை. “காலியா விட்டா மனு திரும்பி வரும்ப்பா.”

“பி.ஏ.ன்னு எழுதியிருக்கலாமே. நான் ஊரெல்லாம் சொன்னதுதானே.”

“அடியில அவ கையெழுத்துப் போடற காகிதம். அதுல பொய் எழுத மனசு வரலை.”

 கேட்க வேண்டாம் என்று தோன்றியதையும் ஐயர் கேட்டார். “உனக்கு அவமானமா இல்லையா?”

“கச்சேரியில என்னிக்கும் இருந்ததில்லை. அங்கே எல்லாருக்கும் தெரியும்” என்றான் அவன். குரலில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறவனாகவே சொன்னான். “ஆத்துக்கு யாராவது வந்தா, அவாகிட்ட நீங்க என்னைப் பி.ஏ.ன்னு சொல்றப்போ மட்டும் இருக்கும்.”

உள்ளே விளக்கு ஏற்றினார்கள். அவன் கார்டைப் படித்துவிட்டு, சனிக்கிழமை தானே ஸ்டேஷனுக்குப் போய் மாமனாரை அழைத்து வருவதாகவும், வழியில் குதிரை வண்டியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுவதாகவும் சொன்னான். பாமா வேலைக்குப் போகும் விஷயத்தையும் அப்போதே சொல்லிவிடலாம்.

“வேண்டாம். நான் போறேன்” என்றார் ஐயர்.

“அப்பா, அவர் ஏதாவது சொல்லிட்டா...”

“சொல்லட்டும். பத்திரிகையில் அழைப்பவர்னு யார் பேர் போட்டிருக்கு? உன் பேரா?”

தன் அறைக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியில், நூலால் கட்டிய ஒரு கட்டு. மஞ்சள் தடவிய ஓரங்கள் இன்னும் மங்கவில்லை. கொடுத்தது போக மிஞ்சிய கல்யாணப் பத்திரிகைகள். கிழித்துப் போடவும் மனம் வராமல், வெளியே எடுக்கவும் துணியாமல் ஒன்பது வருஷம் பூட்டி வைத்தவை. ஒன்றை உருவி மேஜை மேல் வைத்தார். சிவப்பு மையைத் திறந்தார்.

பதிவேட்டில் தப்பான சொல்லைச் சுரண்டக் கூடாது, மேலே மை பூசி மறைக்கவும் கூடாது. என்ன எழுதியிருந்தது என்பது படிக்கிறவனுக்குத் தெரிய வேண்டும். யார் திருத்தியது என்பதும் தெரிய வேண்டும். ரூல் தடியை வைத்து, ‘பி.ஏ.’ என்பதன் நடுவே ஒரே ஒரு கோடு போட்டார். ஓரத்தில் தன் சுருக்கமான கையெழுத்து, அதற்குக் கீழே இன்றைய தேதி.

மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எழுதிய கவரைக் கோட்டின் உள்பையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பத்திரிகையை வைத்தார்.

ஸ்டேஷனில் நாணு ஐயர் வண்டியை விட்டு இறங்கி, சம்பந்தியே நேரில் வந்திருக்கிறாரே என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வருவார். அப்போது இதை நீட்டினால், முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்பது மட்டும் அவருக்கு இன்னும் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் எழுதிய கடிதங்களில் அதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கோட்டை எடுத்து ஆணியில் மாட்டினார்.